மாமாவும் மலையில் கிடைத்த பொன்னும்

என் மாமனார் பொற்கொல்லர். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1974ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு நகைக்கடையின் மாடிப் பட்டறையில் 38 ஆண்டுகள் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்தவர். சிங்கப்பூரின் இந்தியர் வட்டாரமான தேக்காவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அவர் ‘பத்தர்’தான்; பொற்கொல்லரை அப்படி அழைப்பது வழக்கம். இவ்வளவு காலம் இந்த ஊரில் வாழ்ந்தும், ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்தின் வெள்ளைக் கட்டடத்தைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, அவர் உள்ளே நுழைந்ததே இல்லை. 2023 ஜூன் பள்ளி விடுமுறையில், உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் மகன் பழைய சிங்கப்பூரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அவனோடு நானும் புறப்பட்டபோது, “தாத்தா, அங்கே 600 வருசத்துப் பழைய நகை இருக்காம்” என்று அவன் சொன்ன ஒரு சொல்லுக்காக மாமாவும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் தம் பட்டறைக் காலத்துப் பூதக்கண்ணாடியையும் மறக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

1887இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடத்தையும் வண்ணக் கண்ணாடிகளையும் அண்ணாந்து பார்த்து நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. நேராக வரலாற்றுக் கூடத்துக்குப் போனோம். மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நகைகள் இருந்தன. கைப்புயத்தில் அணியும் ஓர் அணி, சில காதணி வளையங்கள், அவ்வளவுதான். ஒரு நடுத்தரக் குடும்பத்துத் திருமணத்தில்கூட இதைவிட அதிகமான பொன்னைப் பார்த்துவிடலாம். ஆனால் இந்தத் தீவின் பழங்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் இவற்றைக் குறிப்பிடாமல் மேலே போக முடியாது. 1928ஆம் ஆண்டு ஃபோர்ட் கெனிங் குன்றின் உச்சியில் நீர்த்தேக்கம் கட்டுவதற்காகத் தொழிலாளர்கள் மண்ணை வெட்டியபோது இவை வெளிப்பட்டன. அப்போது கிடைத்தவற்றில் சில, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் காணாமற்போயின. எஞ்சியவையே நம் கண்முன் இருப்பவை. வேலைப்பாட்டின் அடிப்படையில் இவற்றை 14ஆம் நூற்றாண்டு என்றும், கிழக்கு ஜாவாவில் மஜாபாகித் பேரரசு ஓங்கியிருந்த காலத்துக் கலைப்பாணி என்றும் அறிஞர்கள் கணித்திருக்கிறார்கள்.

மாமா பூதக்கண்ணாடியை எடுத்தார். பட்டறையில் நகையைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துப் பார்த்துப் பழகியவருக்கு, கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில் இருக்கும் பொருளின்மீது அந்த வில்லை பயன்படவில்லை. நான் கைப்பேசியில் மின்னொளி இல்லாமல் படம் எடுத்து, விரலால் விரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பேசவில்லை. சங்கிலி இழைகளால் ஆன பட்டை, அதன் நடுவே பொன்தகடு, அந்தத் தகட்டிலிருந்து பிதுங்கிய கண்களோடு முறைத்துப் பார்க்கும் ஒரு முகம். கோயில் வாயில்களின் மேலே தீயது அண்டாமல் காப்பதற்காக ஜாவாவில் செதுக்கிவைக்கும் காலனின் முகம் அது என்று விளக்கத்தைப் படித்து நான் சொன்னேன்.

“காலன் இல்லம்மா, இது கீர்த்திமுகம். நம்ம கோயில் திருவாசி உச்சியிலே இருக்குமே, அதே முகம்தான்” என்றார் மாமா. பிறகு, முகத்தின் கன்னத்தைச் சுட்டிக்காட்டி, “இது வார்ப்பு இல்லை. தட்டு வேலை. பின்னாலேருந்து எடுத்திருக்கான்” என்றார்.

அந்தக் கூடத்தில் அன்று எனக்குக் கிடைத்த பாடம் அடுத்த கால் மணி நேரம் அவர் சொன்னதுதான். எழுத்தில் எங்கும் படித்திராததால் இங்கே சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். மெல்லிய பொன்தகட்டை அப்படியே கல்லின்மேல் வைத்து அடித்தால் அது நசுங்கும். மரத்தின்மேல் வைத்து அடித்தால் கிழியும். ஆகவே அரக்கோடு குங்கிலியமும் செங்கற்பொடியும் சேர்த்து உருக்கி, அந்தக் கலவை இறுகும் தறுவாயில் தகட்டை அதன்மேல் பதிக்க வேண்டும். உளி விழும் இடத்தில் அரக்கு உள்வாங்கிக் கொடுக்கும், சுற்றிலும் தாங்கிப் பிடிக்கும். முதலில் தகட்டின் பின்பக்கத்திலிருந்து மூக்கு, கன்னம், கண் ஆகியவற்றின் மேடுகளைத் தட்டித் தள்ள வேண்டும். பிறகு சூடுகாட்டி அரக்கிலிருந்து தகட்டைக் கழற்றி, தணலில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, திருப்பிப் பதித்து, முன்பக்கத்திலிருந்து மயிரிழை போன்ற கோடுகளை நகாசு உளியால் எடுக்க வேண்டும். அடிக்க அடிக்கப் பொன் விறைத்துப்போகும் என்பதால், காய்ச்சாமல் தொடர்ந்து அடித்தால் மேட்டின் உச்சியில் பிளந்துவிடும். “இந்த முகத்துக்கு நாலு தடவையாவது காய்ச்சியிருப்பான். கண்ணு இருக்கு பாரு, இவ்வளவு உயரம் ஒரே சூட்டிலே வராது” என்றார். அவன், இவன் என்றுதான் சொன்னாரே ஒழிய, அதில் அலட்சியம் இல்லை; பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு தொழிலாளியைப் பற்றிப் பேசுகிற உரிமைதான் அதில் இருந்தது.

காட்சிப் பெட்டியின் விளக்கம் எனக்குக் காலத்தையும் பாணியையும் சொல்லியது. பொன் எத்தனை முறை நெருப்புக்குள் போய் வந்தது என்பதை மாமாவின் கண் சொல்லியது. இரண்டும் வேண்டும் என்றாலும், அரும்பொருளகங்களில் இரண்டாவது வகை அறிவுக்கு நாம் தரும் இடம் மிகவும் குறைவு என்றே நினைக்கிறேன். ஓய்வுபெற்ற கொத்தனாரையும் தச்சரையும் குயவரையும் நெசவாளரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழம்பொருள்களின் முன் நிறுத்திப் பேசவிட்டால், நமக்கு எவ்வளவோ கிடைக்கும்.

அதே கூடத்தில்தான் சிங்கப்பூர்க் கல்லும் இருக்கிறது. என் மகன் கட்டுரைக்காகப் பார்க்க வந்தது அதைத்தான். வாட்ஸ்அப்பில் உறவினர் யாரோ அனுப்பிய செய்தி ஒன்றில், ‘சிங்கப்பூரில் ராஜேந்திர சோழனின் கல்வெட்டு’ என்று படித்திருந்தான். அந்தக் கல்லின் கதை நெஞ்சைப் பிசைவது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், இரண்டாகப் பிளந்து நின்ற பெரும்பாறையின் உட்புறத்தில், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட பரப்பில் ஐம்பது வரிகள் போலப் பொறிக்கப்பட்டிருந்தன. 1819இல் காட்டை வெட்டிய வங்காள மாலுமிகள் அதைக் கண்டு அஞ்சி, வேலையைத் தொடர மறுத்துவிட்டார்களாம். 1843இல் ஆற்று முகப்பை விரிவாக்குவதற்காகக் காலனித்துவ அரசின் பொறியாளர் அதை வெடிவைத்துத் தகர்த்தார். ஜேம்ஸ் லோ என்ற படை அதிகாரி சிதறிய துண்டுகளுள் எழுத்து தெரிந்த சிலவற்றைத் தேடி எடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். அவற்றுள் ஒன்றுதான் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து இன்று இங்கே இருக்கிறது.

மிச்சம் என்னவாயிற்று என்பதற்கு, அக்காலத்தில் இங்கே வாழ்ந்த டபிள்யூ. எச். ரீட் என்ற வணிகரின் நினைவுக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. ஆளுநர் பினாங்குக்குப் போயிருந்த சமயத்தில், சாலை போடக் கல் வேண்டியிருந்த கைதிகள், ஆளுநர் மாளிகையருகே கிடந்த ஒரு பெரிய துண்டைச் சரளையாக உடைத்துவிட்டார்களாம். அன்றைய சிங்கப்பூரில் சாலை போட்ட கைதிகளில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்டவர்கள். தங்கள் மூதாதையரின் எழுத்தோடு உறவுடைய ஓர் எழுத்தை, அது இன்னதென்று அறியாமல், தண்டனையாகச் செய்த வேலையில் அவர்களே உடைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் கல்லின்மேல் பாதி, அந்த மனிதர்களின்மேல் பாதி.

எஞ்சிய துண்டு மணற்கல். எழுத்துகள் தேய்ந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டுமே மேலெழுந்து தெரிகின்றன. மாமா குனிந்து பார்த்துவிட்டு, “தமிழ் மாதிரி இல்லையே, ஆனா நம்ம பக்கத்துச் சுழி மாதிரி இருக்கு” என்றார். அவர் கண் தவறவில்லை. அது ஜாவாவின் பழைய காவி எழுத்தாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. காவியோ பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. காலத்தைப் பற்றி 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை பல கணிப்புகள் உண்டு. முழுமையாக இன்றுவரை யாரும் படித்துவிடவில்லை.

சோழன் இதில் எங்கே வந்தான் என்றால், 2019இல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் இதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துத் தொடரைக் காண முடிவதாகவும், அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றும் எழுதினார். இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறிமாறிச் சூடினார்கள். இராஜராஜன் இராஜகேசரி, இராஜேந்திரன் பரகேசரி. ஆய்வாளர் ‘இருக்கலாம்’ என்று எழுதியதை வாட்ஸ்அப் ‘இருக்கிறது’ என்று மாற்றிவிட்டது. நான் மகனிடம் சொன்னது இதுதான்: 1025இல் இராஜேந்திரனின் கடற்படை சுமத்திராவின் ஸ்ரீவிஜயப் பேரரசின்மேல் சென்றது உண்மை. தஞ்சைக் கல்வெட்டில் அவனுடைய மெய்க்கீர்த்தி ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் 13 இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பதின்மூன்றில் இந்தத் தீவின் பழம்பெயரான துமாசிக் இல்லை. ‘கேசரிவ’ என்ற நான்கு எழுத்தைச் சரியாகப் படித்திருந்தாலும், அதன் முன்னே இருந்தது ‘பர’வா ‘இராஜ’வா என்பதைச் சொல்ல வேண்டிய கல், சாலைக்கு அடியில் சரளையாய்ப் போய்விட்டது. ஆகவே கட்டுரையில் ‘இருக்கலாம்’ என்றே எழுது என்றேன். அவனுக்கு முகம் வாடிப்போனது.

அவனுடைய ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. இங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு, ‘நாங்கள் சஞ்சிக்கூலிகளாக (ஒப்பந்தக் கூலிகளாக) மட்டும் வரவில்லை’ என்று சொல்லிக்கொள்ள ஒரு பேரரசன் தேவைப்படுகிறான். எனக்கும் அந்த வயதில் தேவைப்பட்டான். ஆனால் இந்தக் கடற்கரைகளில் தமிழர் விட்டுச்சென்ற உறுதியான சான்றுகளில் பெரும்பாலானவை அரசர்களுடையவை அல்ல, வணிகர்களுடையவை. தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் ஒப்படைக்கிறது. சுமத்திராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமான இன்னொரு கல் இருக்கிறது. அதைப் பற்றி மாமாவிடம் சொல்வதற்காகவே கூடத்துக்கு வெளியே ஒரு பலகையில் அவரை உட்காரவைத்தேன்.

தென்தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், இங்கிருந்து நம்மவர்கள் கடற்கரையைப் பார்க்க விடுமுறைக்குப் போகும் அதே கிராபியில், குலோங் தோம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே குவான் லுக் பாட் என்ற மேடு. பெயருக்கே மணிமேடு என்றுதான் பொருள். மழை பெய்தால் மண்ணிலிருந்து கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் வெளிவரும் இடம் அது. அங்கே கிடைத்த ஒரு சிறு கல்லில், 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கல்வெட்டறிஞர்கள் ஆராய்ந்து வெளிப்படுத்திய கல் அது. பெரும்பதன் என்பவருடைய கல் என்று பொருள்.

“என்ன கல்லும்மா?” என்று கேட்டார் மாமா.

“உரைகல், மாமா. பொன் உரைக்கிற கல்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உரைகல்லிலே பேரு எழுதியிருக்கானா?” என்றார். சிறிது நேரம் கழித்து, “எழுதத்தான் செய்வான். பட்டறையிலே எது தொலைஞ்சாலும் வாங்கிக்கலாம். கை பழகின உரைகல் தொலைஞ்சா கிடைக்காது” என்றார். பிறகு, யோசனையோடு, “பதன்னா என்னம்மா, பத்தன்தானே?” என்றார். பழைய தமிழ்ப் பிராமியில் இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாகவே எழுதுவதுண்டு என்றும், அதனால் அதைப் ‘பெரும்பத்தன்’ என்றே கொள்வோரும் உண்டு என்றும் சொன்னேன். நாற்பது ஆண்டுகளாகத் தேக்காவில் பத்தர் என்றே அழைக்கப்பட்ட மனிதர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். என் மகன் அதுவரை கைப்பேசியில் இருந்தவன், அதை உள்ளே வைத்துவிட்டு, “உரைகல்னா என்ன தாத்தா?” என்று கேட்டான்.

கறுப்பான, நுண்ணிய, மெருகு ஏறாத ஒரு கல்லில் பொன்னை இழுத்தால் மஞ்சள் கீற்று விழும். மாற்று, அதாவது தூய்மையின் அளவு, தெரிந்த பொன்னால் செய்த ஆணிகளை அதன் பக்கத்தில் இழுத்து நிறத்தை ஒப்பிட்டால், கொண்டு வந்த பொன்னின் மாற்று தெரிந்துவிடும். உயர்ந்த பொன்னை ஆணிப்பொன் என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அது இந்த ஆணிதான். இன்று கடைகளில் பொன்னை இயந்திரத்துக்குள் வைத்தால் சில நொடிகளில் எண் வந்துவிடுகிறது. பேரனுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது மாமாவின் வலக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் இல்லாத ஒரு நகையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தன.

கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில், தன் கண்ணையும் ஒரு கல்லையும் மட்டும் நம்பிப் பிழைப்பு நடத்திய பெரும்பத்தனை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. ஏனென்றால் நான் அப்படி ஒருவருக்கு மருமகளாக இருக்கிறேன். என் மகனின் கட்டுரைக்கு இராஜேந்திரனைவிட இந்த மனிதர் பொருத்தமானவர் என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை, அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அரும்பொருளகத்தின் பின்புறம்தான் குன்று. மலாய்க்காரர்கள் அதை புக்கிட் லாராங்கான், அதாவது விலக்கப்பட்ட குன்று என்று அழைத்தார்கள்; பழங்கால அரசர்கள் வாழ்ந்த இடம் என்பது நம்பிக்கை. மாமாவுக்கு மூட்டுவலி என்றாலும், நகை கிடைத்த இடத்தைப் பார்க்காமல் வீடு திரும்ப அவர் ஒப்பவில்லை. மழைமரங்களின் நிழலில் நின்று நின்று ஏறினோம். நீர்த்தேக்கம் வேலிக்குள் இருப்பதால் அதன் அருகே போக முடியாது. ஆனால் சரிவில், பழைய அரசர் இஸ்கந்தர் ஷாவின் நினைவிடமாகப் போற்றப்படும் கிராமாட் என்ற புனிதத் தலத்துக்குப் பக்கத்தில், கூரை போட்ட ஓர் அகழாய்வுக் குழி காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

1984 ஜனவரியில் ஜான் மிக்சிக் என்ற தொல்லியலாளர் இந்தக் குன்றில் நடத்திய அகழாய்வுதான் சிங்கப்பூரில் முறையாக நடந்த முதல் அகழாய்வு. 1819இல் ஆங்கிலேயர் வருவதற்கு முன் இங்கே மீனவர் குடிசைகளைத் தவிர ஒன்றுமில்லை என்று பள்ளிகளில் சொல்லித்தரப்பட்டுவந்த நம்பிக்கை அதன்பிறகு ஆட்டம் கண்டது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள், உள்ளூர் மண்கலத் துண்டுகள், கண்ணாடி மணிகள், உடைந்த கண்ணாடி வளையல்கள் என்று ஏராளமாகக் கிடைத்தன. கண்ணாடியை உருக்கிய தடயங்களும் இருந்ததால், அரண்மனைக்குப் பொருள் செய்து கொடுத்த கைவினைஞர்கள் இந்தச் சரிவில் வேலை செய்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பிற்பாடு நாடாளுமன்றக் கட்டடம், எம்பிரஸ் பிளேஸ், பாடாங் என்று ஆற்றங்கரை நெடுகத் தோண்டிய இடங்களிலெல்லாம் அதே காலத்துப் பொருள்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

குழியைப் பார்த்த மாமாவுக்கு அதில் பெரிய வியப்பு ஏதும் ஏற்படவில்லை. மேடும் சரிவும் பார்த்துவிட்டு, “உலை வைக்க நல்ல இடம். காத்து வருது பாரு” என்று மட்டும் சொன்னார். உண்மையில் அப்போது தெற்கிலிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

வீடு திரும்பிய இரண்டாம் நாள், தாத்தாவும் பேரனும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையை ஆக்கிரமித்தார்கள். கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து சாமணம், குறடு, அரம், நகாசு உளிகள் எல்லாம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தன. கடைசியாக, துணியில் சுற்றிய உரைகல் வந்தது. பித்தளைத் தகடும் அரக்கும் சிராங்கூன் சாலையில் மாமாவின் பழைய நண்பரிடமிருந்து கிடைத்தன. வீடு முழுக்கக் குங்கிலியத்தின் மணம் பரவியதில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் தட்டி என்ன பூசை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

முதல் முகம் மூன்றாம் நாளே கிழிந்தது. மகன் அவசரப்பட்டு, காய்ச்சாமல் கண்ணை உயர்த்தப் பார்த்தான். மேட்டின் உச்சியில் நூல்போல ஒரு விரிசல் விட்டது. மாமா திட்டவில்லை. தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்த விரிசலின் வழியே சன்னலைக் காட்டி, “இங்கேதான் அவன் நிறுத்திக் காய்ச்சியிருப்பான்” என்றார். அடுத்த தகட்டை அவர்தான் அரக்கில் பதித்துக் கொடுத்தார். கட்டுரை ஒப்படைக்கும் நாள் வந்தபோது இரண்டாவது முகத்துக்கு மூக்கும் ஒரு கண்ணும் மட்டுமே வந்திருந்தன. அதைப் படம் எடுத்துக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனான். கிராபிக்கு விமானச் சீட்டு டிசம்பரில் என்ன விலை என்று மாமா என் கணவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்.